பீரோக் கண்ணாடியும் மூன்று வாக்கியங்களும்

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் விளங்கும். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, பயமாக இருக்கிறதா என்று பெரியவர்கள் யாரும் நம்மைக் கேட்டதில்லை. பசிக்கிறதா என்று கேட்பார்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பயம் மட்டும் நாமாகத் தெருவில் புரண்டு அப்பிக்கொண்டு வந்த அழுக்கு மாதிரி. கழுவிவிட்டு வா என்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "நான் தைரியமானவள், என்னால் முடியும்" என்று சொல்லவைக்கிறார்கள். உங்கள் கைபேசிகளிலும் அப்படிச் சொல்லிக்கொடுக்கிற குரல்கள் வந்துகொண்டிருக்கும். புதிதாக யாரோ கண்டுபிடித்துக் கொண்டுவந்ததைப் போலப் பேசுகிறார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த எங்கள் ஊரில், என் பத்தாவது வயதிலேயே அதையெல்லாம் சொல்லி முடித்தவள் நான். வெளியே நாதாங்கி மாட்டிய ஓர் அறைக்குள் நின்று சொன்னேன்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. மெட்ராஸில், வீடுவீடாகப் போய்த் தையல் மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தோம். அந்த வருஷம் சித்திரையில் ஒரு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு தோல்பை. அதற்குள் முழுக்கைச் சட்டைகள் இரண்டு, சுருட்டி வைத்த மரூன் நிற டை ஒன்று. லீவில் வந்திருக்கிறார் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். வைகாசி முடிந்து ஆனி பிறந்த பிறகும் அதையே சொன்னாள். அப்புறம் கேட்பவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

காலையில் எழுந்து சவரம் செய்து, பவுடர் பூசி, முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போக ஓர் இடமும் இல்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். அப்பா சாப்பிட்டு எழுந்து பருத்திக்காட்டுக்குப் போன பிறகுதான் சாப்பிட வருவார். சோற்றில் கையை வைக்குமுன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அந்த வீடு அவரை எப்படி நெருக்கியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு விளையாட வர ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான்.

மழை இல்லாத வருஷம் அது. கோடையில் கரிசல் மண் வெடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஆனால் அந்த வருஷ வெடிப்பு வேறு. மேயப்போன ஆடுகள் காலை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் கத்தின. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஓடி விளையாடும்போது என் வலதுகால் கொலுசு கழன்று ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. சித்தப்பா குப்புறப் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். நானும் கையை விட்டுப் பார்த்தேன். மேலே சட்டி மாதிரிக் காய்ந்து கிடந்த மண், உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். "எந்திரிங்க தம்பி. இனி எங்க கெடைக்கப் போகுது. ஒரு மழை பெஞ்சா இது தானா மூடிக்கிடும்."

"அப்ப என் கொலுசு?"

"உள்ளதான் கெடக்கும். வா."

இடதுகால் கொலுசையும் கழற்றி வாங்கிக்கொண்டு போனாள். இத்தனை பெரிய நிலம் வாயைத் திறக்கவும் மூடவும் செய்யும், அதன்மேல்தான் நாம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருஷம் என்னைக் கோவில்பட்டியில் விடுதியோடு சேர்ந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கள் சொந்தத்தில் அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் அப்படி வெளியே போய்ப் படித்ததில்லை. அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பங்காளிகள் சிரித்தார்கள். "ஒம்ம மக எதுத்தாப்ல வாரவன் மொகத்தப் பாக்கமாட்டாளே, அவளையா அனுப்பப் போறீரு?" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. வகுப்பில் என்னை எழுப்பிவிட்டால் பாடம் முழுக்க நெஞ்சுக்குள் ஓடும், தொண்டைக்கு வராது. நெல் அவிக்கிற அண்டாவின் சத்தத்துக்குக்கூடப் பயப்படுகிற பிள்ளை நான்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, மெட்ராஸ்ல தைரியம் வாரதுக்கு ஒங்களுக்கு ஏதோ பாடம் நடத்துனாங்கன்னு சொன்னியே. அத இவளுக்குச் சொல்லிக்குடு. சும்மாதான இருக்க."

அந்த "சும்மாதான இருக்க" சித்தப்பாவின் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அவர் உற்சாகமாகத்தான் தலையாட்டினார். அந்த வீட்டில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் காரியம் அது.

மெட்ராஸ் கம்பெனியில், விற்கக் கிளம்பும் முன் எல்லோரையும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, தன்னைத்தானே பார்த்துச் சில வாக்கியங்களைச் சொல்லவைப்பார்களாம். எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றுதான். அம்மா சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோவின் கதவில் பதித்தது. அந்த பீரோ பின்கட்டு அறையில் இருந்தது. முந்தின வருஷம் பருத்தி போட்டுவைக்க அப்பா கட்டிய அறை அது. செங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, சீமை ஓடு வேய்ந்தது. தானே கூட நின்று கட்டியதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை. வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

உள்ளே போனால் பருத்திக்கொட்டை வாசமும் மிளகாய் வத்தல் நெடியும் சேர்ந்து தொண்டையைக் கமறும். முறம் அகலத்தில் ஒரு சன்னல், அதற்கும் கம்பி. மூட்டைகளுக்கு நடுவில் பீரோ.

"கண்ணாடிக்குள்ள ஒருத்தி நிக்கால்லா, அவளப் பாரு. அவ சொல்லுததை நீ கேளு" என்றார் சித்தப்பா.

மூன்று வாக்கியங்கள். என்னால் முடியும். என் குரல் எல்லோருக்கும் கேட்கும். எனக்குப் பயமில்லை. மெட்ராஸ் வாக்கியங்களைக் கொஞ்சம் மாற்றி எனக்கென்று அவரே அமைத்தது.

முதலில் சிரிப்பாக வந்தது. பிறகு பிடித்துப்போனது. அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் ஒருமுறை, நான் ஒருமுறை. முதுகை நிமிர்த்து, முகவாயைத் தூக்கு, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு என்பார். அவர் சொல்லும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். என் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஆவணியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். டீச்சர் யாரையோ எழுப்பப் போக, அதிகாரி கை நீட்டியது என்னை நோக்கி. எழுந்தேன். என் குரல் எல்லோருக்கும் கேட்கும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். வந்தது. யாருடையதோ ஒரு குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி என் காதுக்கே வந்தது. பாடத்தை முழுதாக வாசித்து முடித்து உட்கார்ந்தேன். டீச்சர் என்னை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

ஆகவே, அந்த வாக்கியங்களில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தது.

அப்பாவுக்குச் செய்தி எட்டியதும் தலைகால் புரியவில்லை. பங்காளிகள் இருக்கும் இடமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து பாடத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். காலையில் பல் தேய்த்ததும், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அறைக்குள் போக வேண்டும். கவனம் சிதறக்கூடாது என்று வெளியே நாதாங்கியை மாட்டிவிடுவார். நான் சொல்வது தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கும் அவருக்குக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கதவு திறக்கும்.

"ஏட்டி, என்ன வாய்க்குள்ளயே மொனங்குத? எனக்குக் கேக்கல!"

"எனக்குப் பயமில்லை!"

"இன்னும் சத்தமா!"

அடைத்த கதவுக்குப் பின்னால் அந்த வாக்கியம் வேறாகிவிட்டது. கண்ணாடிக்குள் நிற்பவளும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு மாட்டிக்கொண்டோம். நான் வாயைத் திறந்தால் அவளும் திறந்தாள். வெளியே போக அவளுக்கும் வழி இல்லை.

"பிள்ள ஒருவாய் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள அடைச்சுப் போடுதீங்களே" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நாளைக்கு விடுதியில ஒருத்தருமில்லாம இருக்கப் போறவ. இப்பமே பழகட்டும்."

அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவளும் அந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் பேசலாமோ அவ்வளவு தூரம்தான் பேசினாள். சித்தப்பா முன்னறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் சுவரில் ஒரு கோட்டைப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து கிளம்பிச் சாய்வாக மேலே ஓடியது. முதலில் நகம் நுழைகிற அளவு. கொஞ்சநாளில் சுண்டுவிரல் நுழைந்தது. அதன்வழியாக எறும்பு வரிசை வந்தது, பிறகு காற்று வந்தது. சில சமயம் நான் சொல்வதை நிறுத்தி மூச்சு வாங்கும்போது, காய்ந்த விறகை யாரோ மெதுவாக ஒடிப்பது மாதிரி சுவருக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்த ரூமுக்குள்ள பயமா இருக்குப்பா. சுவரு சத்தம் போடுது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சுவரு சத்தம் போடுதா? நான் நின்னு கட்டுன சுவரு அது. பாடம் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, சுவத்தக் கொறை சொல்லாத." அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கதவு திறக்கவில்லை.

எனக்கு இப்போது அன்றைய அப்பாவைவிட வயது கூடிவிட்டது. அவர் அன்று என்னைக் கோபிக்கவில்லை என்று நினைக்கிறேன். கரிசலில் வீடு கட்டுபவர்கள் மேல்மண்ணைத் தாண்டி, கீழே கெட்டியான சுக்கான் தரை தட்டும் வரைக்கும் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். காட்டில் பருத்தி வெடித்துவிட்டது, போட இடமில்லை என்று அப்பா அவசரப்பட்டுப் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். இதை அம்மா வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னாள். ஆக அவருக்கும் அந்தச் சுவர்மேல் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். அதைத் தனக்குத் தானே இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரிடம் போய், பத்து வயதுப் பிள்ளை சுவர் சத்தம் போடுகிறது என்றால் எப்படி இருக்கும்?

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விரலை விட்டார். முகம் வெளுத்துப் போயிற்று.

"அப்பாட்ட நீங்க சொல்லுங்க சித்தப்பா."

"நான் சொன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டார். "நீ சுவத்தப் பாக்காத தாயீ. கண்ணாடியப் பாரு."

அவருக்கும் பயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது வீட்டுக்குப் பயந்த பயம். அண்ணனின் சோற்றைத் தின்றுகொண்டு அண்ணன் கட்டிய சுவரை எப்படிக் குறை சொல்வார்? அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போவது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. சொல்லிப் பார்க்க இனி ஆள் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வருஷக் கடனை ஒரே வாரத்தில் தீர்ப்பதுபோலப் பெய்தது. பின்னால் இருந்த வெடிப்புகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து மூடிக்கொண்டன. என் கொலுசும் போயிற்று. மண் பொதபொதவென்று ஊறி எழும்பியது. செருப்போடு மிதித்தால் செருப்பை அது வாங்கி வைத்துக்கொண்டது. ஊருக்கே சந்தோஷம். வீட்டில் அடுப்படிக் கதவு நிலையில் உரசத் தொடங்கியது. தள்ளினால் முனகிக்கொண்டு திறந்தது.

அன்று மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். மத்தியானம், அப்பா காட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிடக் கிளம்பினார். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியை எடுக்கப் போனவர் என்னைப் பார்த்தார்.

"காலையில சொல்லலேல்லா? போ. நான் வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிரு. அம்மா வந்து தெறப்பா."

கால் நகரவில்லை. "மழையா இருக்குப்பா."

"மழை என்ன செய்யும்? உள்ள போ."

நாதாங்கி விழுந்த சத்தம் கேட்டது. அவருடைய காலடி சேற்றில் போனது.

உள்ளே பகலே இல்லை. ஓட்டின்மேல் மழை இரைந்த இரைச்சலில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் ஒரு வெளிறிய முகம் மட்டும் தெரிந்தது. என்னால் முடியும் என்றேன். என் குரல் எல்லோருக்கும் கேட்கும் என்றேன். மூன்றாவதைத் தொடங்கும்போது, தாழ்போடாத பீரோக் கதவு யாரும் தொடாமல் தானாகத் திறந்தது. கண்ணாடியிலிருந்து என் முகம் வழுக்கிக்கொண்டு ஒருபக்கமாகப் போய் மறைந்தது. தரை சாய்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் உடம்புக்கு விளங்கிவிட்டது.

பின்னால் விறகு ஒடிகிற சத்தம். இந்தமுறை மெதுவாக இல்லை. பெரிய பாளமாகச் சுண்ணாம்பு உதிர்ந்து மூட்டைமேல் விழுந்தது. கோடு இருந்த இடத்தில் வெளியே பெய்யும் மழை தெரிந்தது.

எனக்குப் பயமில்லை என்று கத்தினேன். பழக்கம். இன்னும் சத்தமாகச் சொன்னால் கதவு திறக்கும் என்றுதானே இத்தனை நாள் பழக்கியிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. கதவில் போய் மோதினேன். கையால் அறைந்தேன். பிறகு என்னை மீறி வேறொன்று வெளியே வந்தது.

"அம்மா, பயமா இருக்கு! பயமா இருக்கும்மா! பயமா இருக்கு!"

அடுப்படியில் அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் ஒருநாள் சொன்னாள்: "நீ தெனமும் பயமில்ல பயமில்லன்னு கத்தும்போது எனக்கு அடுப்படியில வேல ஓடாது. அன்னைக்கு அந்த மழை எரைச்சல்லயும் பயமா இருக்குன்னது தெளிவா வந்து விழுந்துச்சு பாரு. கையில புளியோட ஓடிவந்தேன்." அந்தக் கோடைக்கு முன்னால் எனக்கு இருந்த குரல், முற்றத்தைக்கூடத் தாண்டியிருக்காது. சித்தப்பா எனக்குக் கொடுத்தது அந்தக் குரலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அம்மா நாதாங்கியை எடுத்துவிட்டாள். கதவு வரவில்லை. நிலை கோணி, கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. "தம்பீ!" என்று அவள் போட்ட கூச்சலில் சித்தப்பா ஓடிவந்தார். தோளைக் கொடுத்து ஒருமுறை இடித்தார். மேலேயிருந்து செங்கல் ஒன்று பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. நான் அலறினேன்.

"இடிக்காதீங்க! இடிக்காதீங்க, சுவரு உள்ள விழுந்துரும்!" என்றாள் அம்மா.

கொஞ்சநேரம் வெளியே யாரும் பேசவில்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்றும் கனவில் வருவது. அப்புறம் அம்மாவின் குரல். "ஓட்டப் பிரிக்கணும். நல்லா இருக்க சுவத்துப் பக்கமா ஏறுங்க."

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, சித்தப்பா உயரத்துக்கு நடுங்குகிறவர். மரம் ஏறமாட்டார். கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டார். கோவில்பட்டிக்குப் போனால் பஸ்ஸின் மேல் ஏற்றிய மூட்டையை இறக்கக்கூட வேறு ஆளைத்தான் கேட்பார். ஏணி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு என் தலைக்கு மேலே, ஓட்டின்மீது, ஒரு குரல். அது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த குரல் இல்லை. மெல்லிய, உடைந்த குரல்.

"பயமா இருக்கு மதினி. வழுக்குது. பயமா இருக்கு."

கீழேயிருந்து அம்மா சொன்னாள். "இருக்கட்டும் தம்பி. அடுத்த ஓட்ட எடுங்க."

ஓர் ஓடு நகர்ந்தது. வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்து என் முகத்தில் விழுந்தன.

"எனக்குக் கை நடுங்குது மதினி."

"நடுங்கட்டும். பிள்ளையத் தெரியுதா? அடுத்தத எடுங்க."

அவர் பயமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஓடாக எடுத்து வீசினார். அது விழுந்து உடையும் சத்தம் கேட்கும். மறுபடி சொல்வார், மறுபடி எடுப்பார். ஓட்டைத் தாங்கிக் குறுக்கே ஓடிய ரீப்பர் கட்டையை உதைத்து ஒடித்தார். பிறகு அவருடைய முகம் அந்த ஓட்டையில் வந்தது. தலைமயிர் நெற்றியில் ஒட்டி, பவுடர் கரைந்து, உதடு கட்டுப்பாடில்லாமல் ஆடியது. அத்தனை பயந்த முகத்தை நான் பெரியவர்களிடம் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"மூட்ட மேல ஏறு தாயீ. கையத் தூக்கு. எனக்கும் பயந்தான். கையத் தூக்கு."

பருத்திக்கொட்டை மூட்டைமேல் ஏறி நின்றேன். அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. ரீப்பர் முனை முதுகைக் கிழிக்க, என்னை அந்த ஓட்டை வழியாக மழைக்குள் இழுத்துப் போட்டார். என்னை மார்போடு சேர்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி ஏணிக்கு வந்தார். கீழே அம்மாவின் கை எங்கள் இரண்டு பேரையும் பிடித்தது. அந்தக் கையில் இன்னும் புளி வாசம் இருந்தது.

சுவர் உடனே விழவில்லை. அப்பா வந்து முற்றத்தில் நின்ற பிறகு, அவர் கண்ணெதிரில், ஒரு மாடு முன்னங்காலை மடக்கிப் படுப்பதுபோல மெதுவாகச் சாய்ந்து உள்பக்கமாக உட்கார்ந்தது. நான் நின்ற இடத்தில், பீரோவோடு. கண்ணாடி நொறுங்கியது மழையில் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

அப்பா தலைச்சாக்கோடு நின்றார். என்னைப் பார்த்தார், முதுகில் இரத்தத்தைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஓட்ட ஒடைக்காம எடுத்திருக்கலாமேலே."

சித்தப்பா அதற்குச் சிரித்தாரா அழுதாரா தெரியாது. தோள் இரண்டும் குலுங்கின. அம்மா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"இந்தாருங்க. இனிமே எம்பிள்ள பயமா இருக்குன்னு சொன்னா, எதுக்குன்னு கேக்கணும். பயமில்லன்னு சொல்லச் சொல்லப்பிடாது. கேக்கணும்."

அப்பா தலையிலிருந்த சாக்கை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, அந்த மழையில் தொழுவத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

அவர் அந்த அறையைத் திரும்பக் கட்டவில்லை. சித்தப்பா தை மாதம் சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார். மலையாளக் கரையில் ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கும் மேல் அதில் நல்ல பெயரோடு இருந்தார். நான் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை அவரிடம் கேட்டேன், மெட்ராஸில் என்னதான் நடந்தது என்று.

"ஒண்ணும் நடக்கல. காலையில கண்ணாடி முன்னால எனக்குப் பயமில்லன்னு சொல்லுவேன். வீட்டு வாசல்ல போயி நின்னா பயம் இருக்கும். அப்ப நான் சொன்னது பொய்யாயிட்டுன்னு திரும்பி வந்திருவேன். எத்தன வீட்டு வாசல்ல இருந்து திரும்பியிருக்கேன் தெரியுமா?"

"இப்ப?"

"இப்பவும் கடைவாசல்ல காலு நடுங்கத்தான் செய்யும். நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயிருவேன்."

சுவர் விழுந்ததற்கு அடுத்த ஆனியில் அப்பா என்னைக் கோவில்பட்டி விடுதியில் கொண்டுபோய் விட்டார். அம்மா கட்டிக்கொடுத்த தகரப்பெட்டியை அவரே தலையில் வைத்துச் சுமந்து வந்தார். விடுதியின் இரும்புக் கதவுக்கு முன்னால் பெட்டியை இறக்கினார். உள்ளே முகம் தெரியாத பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பயமா இருக்கா?"

என் வாழ்க்கையில் என்னிடம் அதை முதன்முதலில் கேட்டது அவர்தான். நம்மில் எத்தனை பேரிடம் யார் கேட்டிருக்கிறார்கள்?

"ஆமாப்பா" என்றேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். வார்டன் வந்து பெட்டியைத் தூக்கச் சொல்லி என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். மாடியில் எனக்குக் கொடுத்த இடத்தில் பாயைப் போட்டுவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா சாலைக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அவர் ஏறவில்லை. சாப்பாட்டு மணி அடித்துப் போய்விட்டு வந்து பார்த்தேன். நிழல் நகர்ந்திருந்தது, அவரும் நிழலோடு நகர்ந்து நின்றிருந்தார். இன்னொரு பஸ் வந்தது, போனது. வெயில் தாழ்ந்து நான் கடைசியாகப் பார்த்தபோதும், அந்த வெள்ளை வேட்டி அங்கேயே இருந்தது.